துடிக்கத் துடிக்கக் கொடுத்த மீன்

கடந்த ஆகஸ்ட் விடுமுறைக்கு விடுதியிலிருந்து கற்பிட்டிக்குப் போயிருந்தபோது எங்கள் வீட்டில் ஓர் ஆலா ஐந்து நாட்கள் இருந்தது. ஆலா என்பது கடற்பறவை. எங்கள் வீட்டுக்கு வந்ததற்குக் கரிய முதுகு, வெள்ளை வயிறு, கண்ணுக்கு மேலே நெற்றியிலிருந்து பின்னோக்கிப் போகும் ஒரு வெள்ளைக் கோடு. இந்த இனம் முட்டையிடும் காலம் தவிர மற்றெல்லா நாட்களும் கடலிலேயே வாழ்வது. ஆகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் நமது மேற்குக் கரைக்கு அப்பால் இவை கூட்டங்கூட்டமாகத் தெற்கு நோக்கிப் பறந்து போகின்றன. சோளகக் காற்று பலமாக அடிக்கும் நாட்களில் களைத்துப்போன ஒன்றிரண்டு கரையில் வந்து விழுந்துவிடும். அப்படி விழுந்த ஒன்றைத்தான் மாமா தன் சாரத்தில் சுற்றி எடுத்து வந்தார்.

நான் உயர்தரத்தில் உயிரியல் படிப்பவள். வீட்டில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எனக்கும் உள்ளூரப் பெருமைதான். ஒரு ரிஜிபோம் பெட்டியில் பழைய துணி விரித்துப் பறவையை வைத்தோம். மாமாவின் போட்டில் அன்று காலை வந்த சூடை மீன்களில் சின்னதாகப் பார்த்து எடுத்து, தம்பி பறவையைப் பிடிக்க, நான் அலகைத் திறந்து ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினேன். அது விழுங்கியபோது தம்பி கை தட்டினான். மறுநாளும் அதன் மறுநாளும் மாமா முதல் கூடையிலிருந்தே எங்களுக்கென்று பிடி மீன் ஒதுக்கித் தந்தார். “துடிக்கத் துடிக்க இருக்கு மகள், இதைவிட நல்ல மீன் எங்க கிடைக்கும்?” என்றார்.

மூன்றாம் நாள் பின்னேரம் அது விழுங்கியதைக் கக்கியது. நான்காம் நாள் மீனைக் கண்டதும் தலையைத் திருப்பிக்கொண்டது. நான் விடவில்லை; வலிந்து ஊட்டினேன். ஐந்தாம் நாள் சுபஹுக்கு எழும்பிப் பார்த்தபோது பெட்டிக்குள் விறைத்துக் கிடந்தது.

அதை அப்படியே புதைத்திருக்கலாம். எனக்கு மனம் கேட்கவில்லை. வாப்பாவோடு மோட்டார் சைக்கிளில் எங்கள் பகுதி மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் என்னைக் கொஞ்சம் ஏசினார். அதற்குப் பிறகு சொல்கிறேன். பிறகு கையுறை போட்டு, எனக்கும் ஒரு சோடி தந்து, பறவையைத் திறந்து காட்டினார். நெஞ்செலும்பு கத்தி முனைபோல நீட்டிக்கொண்டிருந்தது. அதன் இரு பக்கமும் தசையே இல்லை. இரைப்பையைப் பிளந்தபோது உள்ளே வெள்ளை நூல் துண்டுகள்போலப் புழுக்கள். சில தலையைச் சுவருக்குள் குத்திக்கொண்டு நின்றன. அந்த இடங்களில் சிவந்த புண்கள். அவற்றுக்கிடையே மணிக்கூட்டு வில்போலச் சுருண்ட மிகச் சிறியவையும் கிடந்தன.

“பெரியதுகள் நீங்கள் கொடுத்தவை இல்லை. ஐந்து நாளில் இப்படி வளராது. கடலில் இருக்கும்போதே வந்தவை. இந்தச் சுருண்ட சின்னதுகள் உங்களுடைய மீனோடு வந்தவையாக இருக்கலாம்” என்றார் டொக்டர். பறவை பட்டினியால் செத்ததா, புழுவால் செத்ததா என்று கேட்டேன். இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு போயிருக்கின்றன, பிரித்துச் சொல்ல முடியாது என்றார்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் மாமா ஒரு கேள்வி கேட்டார். இந்தக் கட்டுரையை எழுத வைத்ததே அந்தக் கேள்விதான். “கடல்ல இருக்கிற பறவை கடல் மீனைத்தானே தின்னுது? அங்க தின்னும்போது சாகாததுக்கு இங்க தின்னும்போது மட்டும் என்ன?”

நியாயமான கேள்வி. என்னிடம் உடனே பதில் இருக்கவில்லை. விடுமுறை முடியும்வரை அதைத் தேடித்தான் வாசித்தேன்.

மீன் தின்னும் பறவைகளின் இரைப்பையில் வாழும் வட்டப்புழுக்களில் நன்றாக ஆராயப்பட்ட ஒரு சாதி ‘கொன்ட்ராசீக்கம்’. நீர்க்காகம், கூழைக்கடா, பென்குயின் முதலியவற்றில் இதன் வெவ்வேறு இனங்கள் வாழ்கின்றன. பாடப்புத்தகத்தில் ‘இடைநிலை விருந்துவழங்கி’, ‘இறுதி விருந்துவழங்கி’ என்று நாம் மனனம் செய்யும் சொற்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. பறவையின் வயிற்றில் முதிர்ந்த புழு முட்டையிடுகிறது. முட்டைகள் எச்சத்தோடு தண்ணீரில் விழுகின்றன. அங்கே உருவாகும் நுண்ணிய குடம்பியைக் கோப்பேபொட்டுகள் என்னும் சின்னஞ்சிறு ஓட்டுமீன்கள் விழுங்குகின்றன. கோப்பேபொட்டைச் சிறிய மீன் தின்னும்போது குடம்பி மீனின் குடற்சுவரைத் துளைத்து வெளியேறி, ஈரலின் மீதோ குடலைச் சுற்றியோ சுருண்டு படுத்துக்கொள்கிறது. அந்த மீனைப் பெரிய மீன் தின்றால் அதற்குள்ளும் போய் அதேபோலப் படுத்துக்கொள்ளும். அங்கே வளர்வதில்லை, பெருகுவதும் இல்லை. காத்திருக்கிறது, அவ்வளவுதான். ஏறத்தாழ 40 பாகை செல்சியஸ் சூடுள்ள பறவையின் வயிற்றுக்குள் போய்ச் சேர்ந்ததும் விழித்துக்கொண்டு, தோலுரித்து, முதிர்ந்த புழுவாகிறது.

இதை நான் வாசித்துக்கொண்டிருந்த அன்று உம்மா கும்பளா வெட்டிக்கொண்டிருந்தார். ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒரு மீனின் ஈரலின் மேல் வெள்ளையாய்ச் சின்னஞ்சிறு சுருள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. “இதையா நீ நாலு நாளா புத்தகத்தில தேடுறாய்? நாங்க சின்ன வயசிலேயிருந்து பார்க்கிறதுதான். குடலோட வழிச்சு எறிஞ்சிருவோம்” என்றார் உம்மா. நான் புத்தகத்தில் தேடியதை அவர் தினமும் அரிவாள்மணையில் பார்த்திருக்கிறார்! (எங்கள் வீட்டுப் பூனை அந்தக் குடலைத் தின்றுகொண்டிருந்தது. அதைப் பற்றி இங்கே எழுதப் போனால் கட்டுரை வேறு பக்கம் போய்விடும்.)

இனி மாமாவின் கேள்விக்கு வருகிறேன்.

கடலில் சுகமாக இருக்கும் பறவையின் வயிற்றிலும் புழு இருக்கும். ஆரோக்கியமான கூழைக்கடாக்களின் இரைப்பையிலும் புழுக்களும் புண்களும் காணப்பட்டிருக்கின்றன. பறவை சாகாமல் இருப்பதில் புழுவுக்கும் இலாபம் உண்டு; பறவை செத்தால் அதுவும் சாக வேண்டியதுதான். நீண்ட காலமாக இரண்டும் ஒரு வகைச் சமாதானத்தில் வாழ்கின்றன. அந்தச் சமாதானத்துக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது: பறவை வயிறு நிறையத் தின்று, உடலில் எதிர்ப்புச் சக்தியோடு இருக்க வேண்டும். பட்டினி கிடந்து, மனிதர் கையைக் கண்டு நடுங்கி, பெட்டிக்குள் அடைபட்டிருக்கும் பறவையிடம் அந்த நிபந்தனை உடைந்துவிடுகிறது. ஏற்கெனவே இருக்கும் புழுக்களே அதற்குப் பாரம். அந்த நேரத்தில் நாம் தினமும் புதிய குடம்பிகளை வாய்க்குள் தள்ளுகிறோம்.

இங்கே ஒரு கணக்கும் இருக்கிறது. பற்றீரியா போலப் புழு உடலுக்குள் போய் ஒன்று ஆயிரமாகப் பெருகுவதில்லை. ஒரு குடம்பி உள்ளே போனால் அதிலிருந்து ஒரு புழுதான் வரும். ஆகவே எத்தனை உள்ளே போகின்றன என்பதே முக்கியம். கடலில் ஆலா தானே தெரிந்தெடுத்துத் தண்ணீரின் மேற்பரப்பில் பல வகைச் சிற்றுயிர்களைப் பிடிக்கிறது. எங்கள் வீட்டில் அதற்குக் கிடைத்தது வலை அள்ளிவந்த ஒரே வகை மீன். சில வேளை அது ஒருபோதும் போகாத இடத்து மீனாகவும் இருக்கும். எனவே அதன் உடல் முன்பின் அறியாத புழுவும் வரலாம். தனக்கு உரியதல்லாத உடலுக்குள் போகும் குடம்பி வளரவும் முடியாமல், வெளியேறவும் வழி தெரியாமல் சுவரைத் துளைக்கத் தொடங்கும்.

அப்படியானால் மனிதர்? நாமும் அதற்கு உரியவரல்லாத விருந்துவழங்கிகள்தாம். திமிங்கிலத்தையும் டொல்பினையும் இறுதி விருந்துவழங்கியாகக் கொண்ட ‘அனிசாக்கிஸ்’ என்ற உறவுக்காரப் புழு ஒன்று உண்டு. பச்சை மீனோடு அது மனித வயிற்றுக்குள் போனால் கடுமையான வலியை உண்டாக்கும். பச்சை மீன் உண்ணும் யப்பானில் இது நன்கு தெரிந்த நோய். ஆனால் எனக்கு மிகவும் பிடித்துப்போன கதை நெதர்லாந்தினுடையது. அங்கே இலேசாக உப்பிட்ட ஹெரிங் மீனை வேக வைக்காமல் தின்பது பழைய வழக்கம். முன்னர் மீனவர்கள் நடுக்கடலிலேயே குடலை எடுத்து உப்பிட்டுவிடுவார்கள். பிறகு ஐஸ் வசதி வந்தது. குடல் எடுக்காமலே ஐஸில் போட்டுக் கரைக்குக் கொண்டுவரத் தொடங்கினார்கள். மீன் செத்த பின் குடலைச் சுற்றிக் கிடந்த குடம்பிகள் சதைக்குள் நகர்ந்தன. தின்றவர்களுக்கு வயிற்று வலி வந்தது. 1960இல் வான் தீல் என்ற அறிஞரும் அவருடைய குழுவினரும் நோய்க்குக் காரணம் ஹெரிங்கில் உள்ள புழுவே என்று எழுதினார்கள். 1968இல் அந்த மீனை மறை 20 பாகை செல்சியஸில் 24 மணித்தியாலம் உறைய வைத்த பிறகே விற்க வேண்டும் என்று சட்டம் வந்தது, நோயும் குறைந்தது.

ஐஸில் வைப்பது வேறு, உறைய வைப்பது வேறு என்பதை எனக்குப் புரிய வைத்தது இந்தக் கதைதான். உருகும் ஐஸின் வெப்பநிலை 0 பாகை. அந்தக் குளிரில் மீன் பழுதாகாது. குடம்பியும் சாகாது, சுருண்டு தூங்கும். மாமாவின் ஐஸ் பெட்டியிலிருந்து வந்த மீன் புழுவுக்கும் நல்ல பாதுகாப்பான வாகனமாகத்தான் இருந்திருக்கிறது. எலுமிச்சம்புளி, வினாகிரி போன்றவற்றையும் நம்ப முடியாது. வேக வைப்பதுதான் சுலபமான வழி. மீனின் நடுப்பகுதி 60 பாகையை அடைந்து ஒரு நிமிடம் நின்றால் குடம்பி செத்துவிடும். கொதிக்கக் கொதிக்க இறக்கும் நமது மீனாணத்தில் அதற்கு வாழ வழியே இல்லை. ஆகவே உம்மாமார் யாரும் இதை வாசித்துவிட்டு மீன் வாங்குவதை நிறுத்த வேண்டாம்.

பறவைக்கு ஆணம் வைத்துக் கொடுக்க முடியாது. குடலை எடுத்துவிட்டுக் கொடுக்கலாமே என்று தம்பி கேட்டான். அதுவும் சரிவராது. கடற்பறவை மீனைத் தலைப்பக்கமாக முழுதாக விழுங்கும். முள்ளிலிருந்து கல்சியம், ஈரலிலிருந்து விற்றமின் என்று முழு மீனிலிருந்துதான் அதற்கு முழு உணவு கிடைக்கிறது. எஞ்சியிருக்கும் ஒரே வழி ஆழ உறைய வைப்பது. ஐரோப்பிய விதிகள் மறை 20 பாகையில் 24 மணித்தியாலம் என்கின்றன. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதே குளிரில் 7 நாட்கள் என்று இன்னும் கண்டிப்பாகச் சொல்கிறது. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டு நல்ல நாளிலேயே மறை 18 அளவில்தான் நிற்கும். கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும், மின்சாரம் போகும் ஒவ்வொரு முறையும் அதுவும் ஏறிவிடும். ஆகவே அங்கே ஓர் இரவு வைத்த மீனைப் பாதுகாப்பானது என்று சொல்ல மாட்டேன்.

இவ்வளவும் வாசித்தபோது, உறைய வைத்துவிட்டால் பிரச்சினை முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. சாளை, சூடை, நெத்தலி குடும்பத்து மீன்கள் பலவற்றில் தயமினேஸ் என்ற நொதியம் இருக்கிறது. அது தயமினை, அதாவது விற்றமின் பி1ஐ, உடைத்துவிடும். மீன் செத்த பிறகும் அது வேலை செய்யும். உறைநிலையில் மெதுவாகவும், உருகும்போது வேகமாகவும். நீண்ட நாள் உறைந்திருந்த மீனில் விற்றமின் ஈயும் குறைந்துபோகும். இப்படிப்பட்ட மீனையே மாதக்கணக்கில் தின்னும் பறவைக்குப் பசி போகும், தலை ஒரு பக்கம் சாயும், பிறகு வலிப்பு வரும். அதனால்தான் மிருகக்காட்சிசாலைகளில் ஒரு கிலோகிராம் மீனுக்கு 25 முதல் 30 மில்லிகிராம் தயமினும், 100 சர்வதேச அலகு விற்றமின் ஈயும் சேர்க்க வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். மாத்திரையை மீனின் செவுளுக்குள் ஒளித்து வைத்துக் கொடுப்பார்கள். மீனைத் தண்ணீரில் ஊறப்போட்டு உருக்கவும் கூடாது. நீரில் கரையும் விற்றமின்கள் அந்தத் தண்ணீரோடு போய்விடும். குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து மெதுவாக உருக்க வேண்டும்.

இதையெல்லாம் பெரிய அளவில் செய்து காட்டியவர்கள் தென்னாபிரிக்காவில் இருக்கிறார்கள். கேப்டவுனில் 1968இல் தொடங்கப்பட்ட ‘சான்கொப்’ என்ற கடற்பறவைக் காப்பு நிறுவனம் அது. 2000 ஜூன் 23ஆம் திகதி ‘ட்ரெஷர்’ என்ற இரும்புத்தாதுக் கப்பல் ரொபன் தீவுக்கும் டாசன் தீவுக்கும் இடையே மூழ்கி எண்ணெய் கசிந்தபோது, ஏறத்தாழ 19,000 ஆபிரிக்கப் பென்குயின்கள் எண்ணெயில் தோய்ந்தன. எல்லாவற்றையும் பிடித்துக் கழுவினார்கள். கழுவுவதைவிட ஊட்டுவதே பெரும்பாடாக இருந்ததாம். காட்டுப் பென்குயினுக்கு நீந்தும் மீன்தான் உணவு. செத்த மீன் உணவு என்று அதற்குத் தெரியாது. ஆயிரக்கணக்கான தொண்டர்கள் ஒவ்வொரு பறவையையும் மடியில் இடுக்கிக்கொண்டு, அலகைத் திறந்து, உறைய வைத்து உருக்கிய சாளை மீனை உள்ளே தள்ளினார்கள். நானும் தம்பியும் செய்த அதே வேலை! இத்தனை ஆயிரம் வாய்களுக்கு உறைய வைத்த மீனைத் தவிர வேறு வழி இருந்திருக்காது. அந்த உறைநிலை புழுக்களுக்கும் முடிவு கட்டியது. எண்ணெயில் தோய்ந்தவற்றில் நூற்றுக்கு 90க்கு மேற்பட்டவை மீண்டும் கடலுக்குத் திரும்பின.

அவர்கள் செய்ததில் இன்னொன்று என்னைச் சுட்டது. பலவீனமாக வரும் பறவைக்கு இப்படிப்பட்ட நிலையங்களில் முதலில் மீனே கொடுப்பதில்லை. முதலில் சூடு, இருட்டு, அமைதி. பிறகு உப்பும் சீனியும் கலந்த நீர்மம். அடுத்ததாக அரைத்த மீன் கரைசலைக் குழாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக. முழு மீன் கடைசியில்தான். பட்டினி கிடந்த உடலுக்குள் திடீரென்று முழு உணவு போனால் அதுவே ஆபத்தாகிவிடும். நான் முதல் மணித்தியாலத்திலேயே முழுச் சூடை மீனைத் தள்ளினேன். அதுவும் சுற்றிவர எல்லோரும் நின்று வேடிக்கை பார்க்க.

டொக்டர் ஏசியது எதற்கென்று பிறகு சொல்வதாகச் சொன்னேனே. அவர் சொன்னது இதுதான்: “நீங்கள் முதலாம் நாளே வந்திருக்க வேண்டும்.” 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காட்டுப் பறவைகளை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். காயப்பட்டதோ களைத்ததோ, எதுவானாலும் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். அவர்களுடைய துரித அழைப்பு இலக்கம் 1992. வரும்வரை காற்றுப் போகும் துளைகளுள்ள அட்டைப் பெட்டியில், இருட்டில், சத்தமில்லாத இடத்தில் வைத்தால் போதும். வாயைத் திறந்து எதையும் ஊட்டக் கூடாது. பறவையைத் தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். பறவைக் காய்ச்சல் பற்றி அவர் சொன்னபோது, தம்பி அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருந்து பிஸ்கட் தின்றது ஞாபகம் வந்து எனக்கு வயிற்றைக் கலக்கியது. அல்ஹம்துலில்லாஹ், அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மாமாவிடம் இதையெல்லாம் ஒரு பின்னேரம் திண்ணையில் வைத்துச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, “அப்ப என்ட மீனில பிழை இல்ல” என்றார். பிழை இல்லைதான். அது நல்ல மீன். அன்று இரவு அதே கூடையிலிருந்து உம்மா வைத்த ஆணத்தை நாங்கள் எல்லோரும் சாப்பிட்டோம். ஆனால் மீன் துடிக்கிறது என்றால் அதற்குள் சுருண்டிருப்பதும் உயிரோடு இருக்கிறது என்பதுதான் பொருள். இதைச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, நாலைந்து வருடங்களுக்கு முன் போட்டில் வந்து விழுந்த ஒரு கடற்பறவைக்குத் தானும் இப்படித்தான் ஊட்டியதாகவும், அதுவும் மூன்றாம் நாள் செத்ததாகவும் சொன்னார். அதை அவர் இதற்கு முன் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

விடுமுறை முடிந்து விடுதிக்குத் திரும்பிய பிறகு தம்பி தொலைபேசியில் ஒரு செய்தி சொன்னான். மாமா போட்டின் உட்பக்கப் பலகையில், எஞ்சின் எண்ணெய் மாற்றிய திகதிகளை எழுதி வைக்கும் இடத்துக்குக் கீழே, கறுப்பு மையால் 1992 என்று பெரிதாக எழுதி வைத்திருக்கிறாராம். இந்த வருடச் சோளகத்தில் இன்னும் ஒரு பறவையும் வந்து விழவில்லை.